ரெஜினாள் கேட்ட கதவு

கீல் வேண்டாம் என்றாள்.
தாழ்ப்பாள் வேண்டாம்.
பலகையும் வேண்டாம் என்றபோது
உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்:
மிச்சம் என்ன இருக்கு, வாசலா?

போனை நீட்டினாள்.
சத்தம் அணைத்த படம்.
ஜப்பான்காரர் ஒருவர் சம்மணமிட்டு
விரல் கனக் குச்சிகளைக்
கட்டம் கட்டமாய்க் கோக்கிறார்.
ஆணி இல்லை. மேலே வெள்ளைக் காகிதம்.
ஒதுக்கினால் ஓடுகிறது.

தங்கச்சிமடத்தில் முப்பது வருஷமாய்
வத்தைக்கு ஏரா வைக்கிறவன் நான்.
தண்ணீர் புகாமல் அடைப்பது பிழைப்பு.
காகிதக் கதவா,
கச்சான் காற்றை ஒரு நாள் தாங்குமா என்றேன்.

"அவரு தாங்க மாட்டேங்கிறாருண்ணே.
கதவு கிழிஞ்சா ஒட்டிக்கலாம்.
ஓலைச்சாய்ப்பு இருக்கு, நனையாது.
திருட என்ன இருக்கு, கிழிஞ்ச வலையா?"

எமரிட் அக்கரைச் சிறையிலிருந்து வந்து
நாலு மாதம்.
தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால்
எழுந்து வரிசையில் நிற்கிறானாம்,
பாயின் ஓரத்தில், தனியாளாய்.
திறந்தே போட்டாலோ
தெருவில் போகிற ஒவ்வொரு காலுக்கும் விழிப்பு.
ஒற்றை அறை. பெண்பிள்ளைகள் இரண்டு.
அடைக்கவும் வேண்டும், அடைக்கவும் கூடாது.

தேக்கு கனம். வேம்பு முறுக்கிக்கொள்ளும்.
பரமக்குடி மரவாடியில் மலைவேம்பு எடுத்தேன்,
ரேகை நேராய் ஓடுகிற துண்டாய்ப் பார்த்து.
முதல் சட்டத்தில் வெட்டெல்லாம்
ஒரே பக்கம் விட்டுவிட்டேன்.
காலையில் வில்லாய் வளைந்து கிடந்தது.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
அந்த மனிதர் ஒரு வெட்டு மேலே, அடுத்தது கீழே என்று
ஓலைப்பாய் முடைவதுபோல் மரத்தை முடைகிறார்.
குச்சியை வளைத்து நுழைக்க வேண்டும்,
உடைகிற நொடிக்கு முந்தின நொடியில் நிறுத்தி.
ஏழு உடைத்தேன்.
எட்டாவது உட்கார்ந்தது.

காகிதம் சென்னையிலிருந்து கூரியரில்,
என் கூலியைவிட அதிக விலை.
பச்சரிசிப் பசையை ரெஜினாளே காய்ச்சினாள்.
கீழிருந்து மேலாக ஒட்டினோம்,
மேல்தாளின் விளிம்பு கீழ்த்தாளின்மேல் படிய;
மாற்றி ஒட்டினால் விளிம்பில் மணல் தங்கும்.
இந்த ஊரில் எப்படி ஒட்டினாலும் மணல் தங்கும்,
அது வேறு.
சுருங்கிக் கிடந்ததன்மேல்
முடிவெட்டும் கடைக் குப்பியால் கிணற்றுநீர் தூவினேன்.
காய்ந்ததும் மேளத்தோலாய் இறுகியது.
இரவின் உப்பீரத்தில் கொஞ்சம் தளரும்,
வெயிலேறினால் மறுபடி இறுகும்.

மேல் பள்ளம் ஆழம், கீழ்ப் பள்ளம் மேலோட்டம்.
தூக்கி மேலே செருகு, கீழே இறக்கு.
கழற்றுவதும் அப்படியே.
எமரிட்டுக்கு இரண்டு முறை கழற்றிக் காட்டினேன்.
மூன்றாம் முறை அவனே கழற்றினான்.
வெளியே தூக்கிப்போய்ச் சுவரில் சாய்த்தான்.
வாசலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்,
ஒரு பீடி தீரும் நேரம்.
பிறகு கொண்டுவந்து மாட்டினான்.

மறுநாள் போனால் காகிதத்தில் ஓட்டை,
பாயில் படுத்தால் கண் வரும் உயரத்தில்,
ஆள்காட்டி விரல் அளவு.
துண்டுத்தாள் இருக்கு, ஒட்டித் தரவா என்றேன்.
"இருக்கட்டும்ணே.
கிழியுமான்னு பாத்திருக்காரு.
கிழிஞ்சுருச்சு.
அப்புறந்தான் தூங்குனாரு."

பாக்கிப் பணத்துக்கு ஓர் அந்தியில் போனேன்.
உள்ளே விளக்கு. காகிதம் முழுக்க
அடுப்பில் குனிந்த ரெஜினாளின் நிழல்.
எமரிட் இந்தப் பக்கம் வலை பொத்திக்கொண்டிருந்தான்.
கை நிறுத்தாமல் சொன்னான்:
"ரெண்டாந்தடவ உப்புப் போடுறா, பாருங்க."
"தெரியுதுல்ல? வந்து சொல்றது" என்றது நிழல்.

எழுந்து போனான். கதவு ஓடியது.
சத்தம் வருமோ என்று
நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.
பள்ளத்தில் கோயில் மெழுகுத்துண்டு
தேய்த்துவைத்தது
நினைவு வந்தது அப்புறம்தான்.